அறக்கல் பீவியின் கயிற்றுக் கணக்கு

கண்ணூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடம் அறக்கல் அருங்காட்சியகம் போகணும் என்றேன். "அறக்கல் கெட்டு?" என்று அவர் திருப்பிக் கேட்டது என் காதில் 'அரைக்கால்' என்று விழுந்தது. எங்கள் அம்மாச்சி கணக்கில் அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. அரைக்கால் படி எண்ணெய், அரைக்கால் பங்கு வயல் என்றெல்லாம் சொல்வாள். ஒரு ராஜ வம்சத்துக்கு எட்டில் ஒரு பங்கு என்றா பெயர் வைப்பார்கள் என்று ஆட்டோவில் போகும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். நான் தப்பாகக் கேட்டதுதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இந்த வம்சத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்ததில், அந்தத் தப்பு அவ்வளவு தப்பில்லை என்றே தோன்றுகிறது. முழுப் பங்கு எப்போதும் வேறு யார் கையிலோ இருந்தது. இவர்கள் அரைக்காலை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 400 வருஷம் ஓட்டினார்கள்.

'கெட்டு' என்பது நம் 'கட்டு'தான். இரண்டு கட்டு வீடு, மூன்று கட்டு வீடு என்கிறோமே, அதே கட்டு. ஆயிக்கரையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தின் தர்பார் கூடத்தை 2005இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மரத்தளம், மரப்படி, கடற்காற்று தாராளமாக வரும் ஜன்னல்கள். ஜன்னலில் நின்றால் மாப்பிளா விரிகுடா தெரியும். விரிகுடாவின் அந்தப் பக்கம் போர்ச்சுகீசியர் கட்டிய செயின்ட் ஆஞ்சலோ கோட்டை. இந்தப் பக்கம் இவர்கள் வீடு. நடுவில் மீன்பிடிப் படகுகள். எதிரியின் பீரங்கி வாயைப் பார்த்தபடி தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார்கள் என்பது அந்த ஜன்னலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் படித்தபோது கோட்டையும் அரண்மனையும் இரண்டு வெவ்வேறு இடங்களாகத்தான் மனதில் இருந்தன.

கேரளத்தில் இருந்த ஒரே முஸ்லிம் அரச வம்சம் இது. எப்படித் தொடங்கியது என்பதற்கு ஊரில் இரண்டு கதைகள் உண்டு. ஒன்றில், கண்ணூர்ப் பகுதியான கோலத்துநாட்டின் அரசர் கோலத்திரியின் நாயர் அமைச்சர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி மம்மாலி ஆகிறார், அவர் வழி வந்தவர்களே அறக்கல். இன்னொன்று சுவையானது. கோலத்திரி குடும்பத்து இளவரசி ஒருத்தி குளத்தில் குளிக்கும்போது மூழ்கப் போகிறாள். தோழிகள் கூச்சல் போடுகிறார்கள். அந்த வழியாக வந்த ஒரு முஸ்லிம் இளைஞன் குதித்து அவளைக் கரைக்கு இழுக்கிறான். ஈரத்தோடு நிற்கும் பெண்ணுக்குத் தன் வேட்டியைக் கொடுக்கிறான். முடிந்தது கதை. வட மலபாரில் ஆண் பெண்ணுக்குத் துணி கொடுத்து அவள் வாங்கிக்கொண்டால் அது கல்யாணம். புடமுறி என்று அந்தச் சடங்குக்குப் பெயர். நம் பக்கத்துக் கூறைப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். அரசர் வேறு வழியில்லாமல் பெண்ணை அவனுக்கே கொடுத்து, ஒரு அரண்மனையும் நிலமும் கொடுத்துத் தனியே வைத்தாராம்.

வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. துறைமுகத்துப் பெரிய வணிகர் குடும்பம் ஒன்று காலப்போக்கில் அரச பட்டம் சூடிக்கொண்டது என்பதே அவர்கள் கணிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இருந்தாலும் அந்தக் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது. ராஜ்யம் பெண் வழியாக வந்தது என்று அது சொல்கிறது. அறக்கல் குடும்பத்தில் மருமக்கத்தாயம்தான். சொத்து தாய் வழியில் இறங்கும். பட்டம் குடும்பத்தில் வயதில் மூத்தவருக்கு, ஆணா பெண்ணா என்ற கேள்வியே கிடையாது. ஆண் என்றால் அலி ராஜா. பெண் என்றால் பீவி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல பத்தாண்டுகள் அந்தச் சிம்மாசனத்தில் இருந்தவர்கள் பெண்கள். முஸ்லிம் குடும்பத்தில் இது எப்படி என்று கேட்பவர்கள் காயல்பட்டினத்துக்கோ கீழக்கரைக்கோ ஒருமுறை போய் வரலாம். அங்கே இன்றும் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். கடலுக்குப் போகிற ஆண், வீட்டில் நிற்கிற பெண் என்ற வாழ்க்கைக்கு அது தோதாக இருந்திருக்கிறது.

அலி ராஜா என்பதையே 'ஆழி ராஜா' என்று சொல்பவர்களும் உண்டு. ஆழி என்றால் நமக்குத் தெரியும், கடல். எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. இரண்டும் அவர்களுக்குப் பொருந்துகிறது.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் மனக்கசப்போடு கிளம்பித் திரும்பும் வழியில் கண்ணூரில் நின்றுவிட்டுப் போனார். கோலத்திரிக்கு அவர்கள் வரவு பிடித்திருந்தது. தெற்கே கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி பெரிய ஆள். அவருக்கு ஒரு எதிர்ப்பலம் வேண்டும். ஆகவே 1505இல் போர்ச்சுகீசிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா கண்ணூர் முனையில் கோட்டை கட்ட அனுமதி கிடைத்தது. அந்த ஊரின் முஸ்லிம் வணிகர்கள் அதுவரை குஜராத், ஹோர்முஸ், ஏடன் என்று போய் வந்துகொண்டிருந்தவர்கள். இஞ்சியும் ஏலக்காயும் போகும், விஜயநகரத்துக்கு வேண்டிய குதிரைகள் வரும். மாலத்தீவு வணிகம் மம்மாலி என்கிற பெரிய வணிகரின் பிடியில் இருந்தது. அங்கிருந்து கயிறும் சோழியும் கருவாடும் வந்தன. இவர்களிடம் இப்போது கடலில் போக சீட்டு கேட்டார்கள். கார்த்தாஸ் என்று அதற்குப் பெயர். போர்ச்சுகீசிய அதிகாரி கையெழுத்துப் போட்ட கடவுச்சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், மூழ்கடிக்கலாம்.

சீட்டு இருந்தாலும் தப்பவில்லை. 1507இல் சீட்டோடு வந்த கண்ணூர்க் கப்பலொன்றைப் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று மறித்தது. சீட்டு போலி என்று சொல்லி, கப்பலில் இருந்தவர்களைக் கொன்று, பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் போட்டார்கள். கடல் அந்தப் பொதிகளைக் கண்ணூர்க் கரையிலேயே கொண்டுவந்து ஒதுக்கியது. ஊரே பார்த்தது. அதற்குள் பழைய கோலத்திரி இறந்து புதியவர் வந்திருந்தார். அவருக்குப் போர்ச்சுகீசியரைப் பிடிக்காது. சாமூதிரியும் ஆள் அனுப்பினார். கோட்டையை வளைத்துக்கொண்டார்கள்.

நான்கு மாதம் நடந்த முற்றுகை அது. கோட்டைக்காரர்களின் குடிநீர்க் கிணறு மதிலுக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு குடத்துக்கும் ஆள் செத்தால் என்ன செய்வது என்று பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிக் கிணற்றுக்கு வழி போட்டார்கள். அப்புறம் சாப்பாடு தீர்ந்தது. பல்லி, எலி, பூனை என்று தின்ன ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று அலை பெரிதாக அடித்து சிங்கி இறால்களைக் குவியல் குவியலாகக் கரையில் தள்ளியதாகப் போர்ச்சுகீசியர் எழுதி வைத்திருக்கிறார்கள். மாதாவின் அற்புதம் என்று அதைத் தின்று பிழைத்தார்கள். சில நாளில் திரிஸ்தாவோ ட குன்யாவின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. முற்றுகை முடிந்தது.

ஒரே கடல்தான். சில மாத இடைவெளியில் ஒரு தரப்புக்குப் பிணமும் இன்னொரு தரப்புக்குச் சாப்பாடும் கொண்டுவந்து போட்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இதில் அற்புதம் ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலத்தில் சிங்கி ஒதுங்குவது நடக்கிற விஷயம்தான். ஆனால் அந்த நேரத்தில் ஒதுங்கியதே, அதை என்ன சொல்ல.

இந்தத் தோல்வியில் கண்ணூர் முஸ்லிம்கள் ஒழிந்துபோயிருக்க வேண்டும். நடந்தது வேறு. போர்ச்சுகீசியருக்குக் கப்பல் ஓட்டக் கயிறு வேண்டும். கயிறு மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் இருக்கிறது. அந்தத் தீவுகளுக்கு வழி தெரிந்தவர்கள், அங்கே கடன் கொடுத்துச் சரக்கு வாங்குகிறவர்கள் இவர்கள்தான். ஆகவே சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று இருதரப்பும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் போனது. இடையில் 16ஆம் நூற்றாண்டு நடுவில் கோலத்திரி லட்சத்தீவுகளை ஆண்டுக்கு இவ்வளவு கப்பம் என்று பேசி அறக்கல் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரால் அங்கே போய் ஆள முடியாது, கப்பல் இவர்களிடம் இருக்கிறது. அன்றிலிருந்து வணிகர் வீடு அரசர் வீடு ஆயிற்று. தரையில் கண்ணூர் டவுனும் சுற்றியுள்ள கொஞ்சம் தோட்டங்களும். கடலில் 200, 300 கிலோமீட்டருக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் பவழத் தீவுகள். வரைபடத்தில் பார்த்தால் இதை ராஜ்யம் என்று சொல்லவே வராது. நிலத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

1663இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கு எழுதினார்கள், மிளகு விலைக்கு மல்லுக்கு நின்றார்கள், வருமானம் குறைந்ததும் சலித்துப்போனார்கள். கோட்டைக்குள் ஒரு டச்சுக் கல்லறைக்கல் இருக்கிறது. கோட்டைத் தளபதியின் மனைவி, 1745இல் இறந்தபோது 17 வயது. அந்த வயதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கடைசியில் 1772இல் டச்சுக்காரர்கள் கோட்டையை விற்றே விட்டார்கள். வாங்கியது யார்? எதிர்க்கரை வீட்டுக்காரர், அலி ராஜா. 267 வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிவிட்டார். அந்த வம்சத்தின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கிரயத்தைத்தான் சொல்வேன்.

அவர்கள் கை அந்த நூற்றாண்டில் நன்றாக நீண்டிருந்தது. 1752இல் அலி ராஜாவின் ஆட்கள் மாலேயில் இறங்கி மாலத்தீவின் சுல்தானையே பிடித்துக்கொண்டு வந்தார்கள். சில மாதங்களில் மாலத்தீவுக்காரர்கள் அவர்களைத் துரத்திவிட்டார்கள், ஆனால் பிடிபட்ட சுல்தான் ஊர் திரும்பவில்லை, கைதியாகவே இறந்தார். துரத்திய டோன் பண்டார அங்கே இன்றும் தேசிய வீரர். கண்ணூரில் நாம் 'வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் சிக்கிய சின்ன ராஜ்யம்' என்று பரிதாபப்படுகிற அதே குடும்பம் மாலேயின் பாடப்புத்தகத்தில் படையெடுத்து வந்த கொள்ளையர். இதை நான் தெரிந்துகொண்ட நாளில்தான் இந்தக் கட்டுரை மனதில் விழுந்தது.

ஹைதர் அலி 1766இல் மலபாரில் இறங்கினார். அலி ராஜா அவரோடு சேர்ந்துகொண்டார். அதுவரை தன்னைக் கோலத்திரிக்குக் கீழ்ப்பட்டவராகவே ஏடுகளில் வைத்திருந்தவர், இப்போது கோலத்திரியின் நாட்டையே மைசூர் சார்பில் நிர்வகித்தார். கோலத்திரி குடும்பம் திருவிதாங்கூருக்கு ஓடியது. அப்போது நடந்த கொள்ளையும் கொலையும் அந்தப் பக்கத்து நினைவில் இன்னும் இருக்கின்றன. அதை மூடி மறைக்க முடியாது. மைசூர் படை பின்வாங்கியபோதெல்லாம் அறக்கல் தனியாக நின்றது. 1777இல் இஸ்தான்புல்லில் இருந்த உஸ்மானிய சுல்தானுக்கு உதவி கேட்டு அலி ராஜா தூது அனுப்பினார். சில வருஷம் கழித்துப் பீவியும் கேட்டார். ஆயிக்கரையிலிருந்து இஸ்தான்புல்! அங்கே ரஷ்யாவிடம் அடிவாங்கிச் சோர்ந்து கிடந்த சுல்தானுக்கு இந்தக் கடிதத்தைப் படித்து என்ன தோன்றியிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். கப்பல் ஒன்றும் வரவில்லை.

அந்த 1777இல் பட்டத்துக்கு வந்தவர் ஜூனும்மாபி. 1819 வரை இருந்தார். 42 வருஷம். ஹைதர், அவர் மகன் திப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி என்று மூன்று பேரையும் பார்த்துவிட்டவர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆளும் இவர்தான், சந்தேகப்பட வைக்கிற ஆளும் இவர்தான்.

1783 டிசம்பரில் கம்பெனிப் படை கண்ணூரைப் பிடித்தது. மறு வருஷம் மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தது. 1789இல் திப்பு கண்ணூருக்கே வந்தார். அவர் மகன் அப்துல் காலிக்குக்கும் பீவியின் மகளுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்து முதற்சடங்கும் நடந்தது. மாப்பிள்ளை சின்னப் பையன். அந்த வருஷம் முடிவதற்குள் சம்பந்தி எங்கள் குமரிப் பக்கத்தின் பழைய ராஜாவான திருவிதாங்கூர் ராஜாவின் நெடுங்கோட்டை அரணில் போய் மோதினார். திருவிதாங்கூர் எல்லையில் நடந்த அந்த மோதலில்தான் மூன்றாம் மைசூர் போர் தொடங்கியது. பீவி ஒரு பக்கம் தலச்சேரியில் இருந்த கம்பெனிக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டே இன்னொரு பக்கம் திப்புவின் படையைக் கண்ணூருக்குள் வைத்திருந்தார். கம்பெனிக்காரர்கள் இதைத் துரோகம் என்று எழுதினார்கள். வேறென்ன செய்வார்? இரண்டு யானைகள் வாசலில் நிற்கும்போது ஒரு கதவை மட்டும் திறந்து வைப்பவன் முட்டாள். 1790 டிசம்பரில் ஜெனரல் ராபர்ட் அபர்குரோம்பி படையோடு வந்து கோட்டையை எடுத்துக்கொண்டார். வாங்கி 18 வருஷம்கூட நிலைக்கவில்லை.

அந்தச் சின்ன மாப்பிள்ளையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1792இல் திப்பு தோற்றபோது காரன்வாலிஸ் பிணையாக வாங்கிப்போன இரண்டு மகன்கள் நமக்குத் தெரியும். ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த காட்சி அது. அதில் ஒரு பையன் இந்த அப்துல் காலிக். 1794 வரை சென்னையில் வைத்திருந்தார்கள். கண்ணூர் மாமியார் வீட்டு விருந்துக்குப் பதில் சென்னையில் காவல்.

தோற்றவர் பக்கம் நின்ற பீவிக்கு என்ன நடந்தது? நாடு போயிற்று, தலை தப்பியது. 1796இல் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். கண்ணூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள வீடு, பறம்பு என்கிற தோட்டம், லட்சத்தீவு வணிகம், தீவுகளில் உள்ள ஜன்ம சொத்து என்கிற பரம்பரைச் சொத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டும். பீவி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும்போது மனதில் இருந்தது தீவுகளின் கயிறு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நான் குமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் பக்கத்துக்காரன். கயிறு திரித்துத்தான் எங்கள் அம்மாச்சி மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். தேங்காய் மட்டையை நாங்கள் கதம்பை என்போம். கதம்பையைக் காயலோரத்துக் குழியில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். எடுக்கும்போது அடிக்கிற நாற்றம் பழகாதவர்களுக்கு வயிற்றைப் பிரட்டும். அழுகிய கதம்பையைக் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்தால் தோல் கழன்று தும்பு நிற்கும். அதை உதறிக் காயவைத்து, ராட்டில் இரண்டு பேர் பின்னால் நடந்தபடி பிரி விடுவார்கள். அம்மாச்சியின் உள்ளங்கை கடைசிவரை மரப்பட்டை மாதிரி இருந்தது. என் கன்னத்தைத் தடவினால் கீறும்.

லட்சத்தீவில் ராட்டும் கிடையாது. பெண்கள் உள்ளங்கையில் வைத்தே திரித்தார்கள். ஊறல் காயலில் அல்ல, பவழத்திட்டு சூழ்ந்த உப்புத் தண்ணீரில், மணலில் குழி தோண்டி. அந்தக் கயிறு நிறத்திலும் பலத்திலும் பேர் வாங்கியது. ஆணி அடிக்காமல் பலகையைப் பலகையோடு கயிற்றாலேயே தைத்துக் கட்டிய ஓடங்களில் தீவுக்காரர்கள் கயிறும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு மழைக்கு முன் கரைக்கு வந்து, அரிசியோடு திரும்புவார்கள். மழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் யாரும் வர முடியாது, போக முடியாது. அரிசி தீவில் விளையாது.

1760களில் அறக்கல் ஒரு சட்டம் போட்டது. கயிற்றை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அறக்கல் பண்டகசாலைக்குத்தான் கொடுக்க வேண்டும். விலை அவர்கள் சொல்வது. அந்த விலையும் அரிசியாக, அரிசியின் விலையும் அவர்கள் சொல்வது. கயிற்றைச் சந்தை விலையில் விற்றால் மிச்சம் முழுக்க அரண்மனைக்கு. சோழி, ஆமை ஓடு, கரையில் ஒதுங்கும் அம்பர் என்ற திமிங்கில வாசனைப்பொருள் எல்லாவற்றிலும் இப்படித்தான். இதைப் பார்த்துக்கொள்ளத் தீவில் காரியக்காரர் என்றொரு அதிகாரி. அவருக்கும் தனியாக ஒரு அளவு.

அமினித் தீவுக்காரர்கள் 1780களில் பொறுமை இழந்தார்கள். பீவியை விட்டுவிட்டு மங்களூருக்கு ஓடம் விட்டு, திப்புவிடம் போய் எங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆள்வதும் முஸ்லிம், ஆளப்படுவதும் முஸ்லிம், அடைக்கலம் கேட்டதும் முஸ்லிமிடம். இந்த வரலாற்றை மதக் கணக்காக மட்டும் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். திப்பு எடுத்துக்கொண்டார். பீவிக்கு ஈடாகக் கரையில் நிலம் கொடுத்தார். அமினி, கடமத், கில்தான், செத்லத் தீவுகள் அப்படித்தான் அறக்கலிடமிருந்து கழன்றன. 1799க்குப் பிறகு கம்பெனி அவற்றைத் தென் கன்னடத்தோடு சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட கம்பெனி கயிற்று ஏகபோகத்தை விட்டதா என்றால், இல்லை. மங்களூரில் கயிற்றை எடுத்துக்கொண்டு அரிசி அளந்தது. அதிகாரியின் பெயர் மட்டும் காரியக்காரர் போய் மணியக்காரர் ஆயிற்று.

பீவியிடம் மிஞ்சியவை கவரத்தி, அகத்தி, அந்துரோத், கல்பேனி, தெற்கே மினிக்காய். அவற்றின் கயிற்றை வைத்து 15,000 கட்டிக்கொண்டு, அரண்மனைச் செலவையும் பார்த்துக்கொண்டு, தாய் வழியில் பெருகிக்கொண்டே போன குடும்பத்துக்கும் பங்கு கொடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டு போனது. 1847 ஏப்ரல் 15ஆம் தேதி இரவு கல்பேனியில் புயல் அடித்தது. கல்பேனியைத் துடைத்துவிட்டு அந்துரோத்துக்குப் போனது. கடல் தீவுக்குள் ஏறி வந்தது. செத்தவர்கள் பலர். மிஞ்சியவர்களுக்குத் தென்னை இல்லை. தென்னை போனால் என்ன ஆகும் என்று எங்களைக் கேளுங்கள். ஒரு தென்னம்பிள்ளை காய்க்க ஏழெட்டு வருஷம். அதுவரை கதம்பை இல்லை, தும்பு இல்லை, கயிறு இல்லை, அரிசி இல்லை.

மலபாரிலிருந்து ராபின்சன் என்ற அதிகாரி நிவாரணத்தோடு போனார். திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் அறக்கல் நிர்வாகத்தைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை. நிவாரணச் செலவு அறக்கல் கணக்கில் கடனாக ஏறியது. கயிறு வரவில்லை, கடனை எங்கிருந்து கட்டுவது? கப்பப் பாக்கியும் சேர்ந்தது. பாக்கிக்காக 1850களில் தீவுகளை ஜப்தி செய்தார்கள். சில வருஷம் கழித்து விட்டார்கள். மறுபடி பாக்கி. 1875இல் மறுபடி ஜப்தி, இந்த முறை விடவில்லை. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், மைசூர்ப் படை, அபர்குரோம்பி எல்லோரிடமும் தப்பித்த வீட்டை, நம் ஊரில் நிலத்தை மீட்க முடியாத குடியானவனை முடிப்பதுபோல முடித்தார்கள். பாக்கி, வட்டி, ஜப்தி.

முப்பது வருஷ இழுபறிக்குப் பின் 1908இல் கையெழுத்தாயிற்று. அப்போதும் பட்டத்தில் இருந்தது ஒரு பெண், இம்பிச்சி பீவி. தீவுகள் மீதான எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தார். பதிலுக்குக் கடன் பாக்கி தள்ளுபடி, ஆண்டுக்கு 23,000 ரூபாய் மாலிகானா என்கிற உதவித்தொகை, சுல்தான் என்ற பட்டம். ராஜ்யம் இருந்த காலத்தில் அலி ராஜா. ராஜ்யம் போன பிறகு சுல்தான். வெள்ளைக்காரனுக்கு இதில் ஒரு குறும்பு இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்புறம் 1956 நவம்பர் 1 வரை அந்தத் தீவுகள் சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. பீவியின் தீவுகள் மலபார் மாவட்டத்தில், அமினிக் கூட்டம் தென் கன்னட மாவட்டத்தில். எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்குள் வந்த அதே நாளில் அவை வெளியே போயின. கதம்பைக்காரர்கள் நாங்கள் உள்ளே, கதம்பைக்காரர்கள் அவர்கள் வெளியே. அம்மாச்சிக்கு இதைச் சொல்லியிருந்தால், "அங்க ராட்டு இல்லியாமே, பாவம்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அருங்காட்சியகத்தில் வாள்கள் இருந்தன. தொலைநோக்கி இருந்தது. ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம்போல மரப் பத்தாயங்கள், ஓலைகள், முத்திரைகள், பழைய குரான் பிரதிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுபடி முதல் அறைக்குப் போய் இன்னொரு சுற்றும் பார்த்தேன். ஒரு முழம் தீவுக் கயிறு எங்காவது இருக்குமென்று நினைத்தேன். என் கண்ணில் படவில்லை. வாசலில் இருந்தவரிடம் கேட்டேன்.

"கயிறா? எந்தக் கயிறு?" என்றார் அவர்.

வெளியே வந்து விரிகுடாப் பக்கம் நடந்தேன். மதிய நேரம். படகுகள் எல்லாம் திரும்பியிருந்தன. ஒரு பெரியவர் ஓரத்துக் கல்லில் படகின் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நீல நிற நைலான். முடிச்சு மட்டும் அம்மாச்சி ஆட்டைக் கட்டுவாளே, அதே முடிச்சு.